குழந்தையை யாரு பாத்துக்கறா?

மகப்பேறு விடுப்பு முடிய ஆறு வாரம் இருக்கும்போதே இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிட்டது. குழந்தை பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். சீர் வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் கேட்டார். தடுப்பூசி போட்ட நர்ஸ் ஊசியை உடைத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "வேலைக்குப் போனா கொழந்தைய யாரு பாத்துக்கறா?" என் கணவரிடம் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அவரும் வேலைக்குத்தான் போகிறார். குழந்தை பிறந்ததற்கு அவருடைய பிரிண்டிங் யூனிட்டில் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள், சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகள் பிறந்தது 2018 ஜூனில். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில்தான் சட்டத்தைத் திருத்தி, 12 வாரமாக இருந்த சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரம் ஆக்கியிருந்தார்கள். அதில் நான் லாபம் அடைந்தவள். எங்கள் கம்பெனி டைலர்களில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு அந்த 26 வாரப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வந்துவிடும். கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்களின் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் கிடையாது. அவர்கள் வயிறு தெரிந்ததும் நின்றுகொள்வார்கள், குழந்தை தவழ ஆரம்பித்ததும் வேறு கம்பெனியில் சேருவார்கள். எல்லாரும் ஒரே கேட்டில்தான் நுழைகிறோம்.

26 வாரம் என்பது ஆறு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டரும் சொல்கிறார், சுவரில் ஒட்டிய போஸ்டரும் சொல்கிறது. கணக்கு சரியாக வருவது போலத் தெரியும். ஆனால் பிரசவத்துக்கு முன் எடுக்கிற லீவும் அந்த 26-க்குள்தான் அடங்கும். கால் வீங்கி ஸ்கூட்டர் ஓட்ட முடியாமல் நான் இரண்டு வாரம் முன்னாலேயே நின்றேன். ஆகவே திரும்பிப் போக வேண்டிய நாளில் குழந்தைக்கு ஐந்தரை மாதம். இந்த இரண்டு வாரம் யாருக்கும் பெரிதாகப் படாது. பால் கட்டி நெஞ்சு கல்லாகி, வவுச்சர் எழுத முடியாமல் பாத்ரூமில் நின்று பீய்ச்சிவிட்டு வந்தவளுக்குத் தெரியும்.

முதல் பதில் எல்லாரிடமும் தயாராக இருந்தது. "அதான் மாமியா இருக்காங்களே." எங்கள் அத்தைக்கு அப்போது 61 வயது. 14 வயதில் கைமடியாகப் பனியன் கம்பெனிக்குப் போனவர், பிறகு செக்கிங், 50 வயதுக்கு மேல் மூட்டு வலியில் நின்றார். அவர் நேராகவே சொல்லிவிட்டார்: "நாம் பாத்துக்க மாட்டங் கண்ணு. ஒக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல. கொழந்தை ஓட ஆரம்பிச்சா நான் எங்க ஓடறது? மடியில வெச்சுக் கொஞ்சச் சொல்லு, கொஞ்சறேன். பொறுப்புன்னா வேண்டாம்."

சொந்தக்காரர்கள் அதிர்ந்து போனார்கள். பேத்தியைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு பாட்டி சொல்லலாமா? எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாட்டி என்றால் வயதான, சம்பளம் இல்லாத, மறுபேச்சுப் பேசாத ஆயா என்று நாம் வைத்திருக்கிறோம். 36 வருடம் நின்றே வேலை செய்த உடம்பு. அதற்கு ஓய்வு உண்டு என்று யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும், அவரே சொன்னார். "மாட்டேன்" என்று வாயால் சொல்லாமல் பார்த்துக்கொண்டே முணுமுணுக்கிற பாட்டிகளைவிட இவர் எவ்வளவோ மேல்.

அடுத்து எங்கள் கம்பெனியிலேயே இருந்த குழந்தைகள் காப்பகம். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் அப்போது இதைச் சொன்னது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட அவர்கள் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று. எங்களிடம் 400 பெண்கள். அறை இருந்தது, கீழ்த்தளத்தில், ஸ்டோர் பக்கத்தில். கதவில் மிக்கி மவுஸ். உள்ளே நான்கு கட்டில், ஒரு மர யானை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொம்மைகள். வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வருகிற நாளில் பூட்டைத் திறந்து ஃபினாயில் போடுவார்கள். பேக்கிங் செக்ஷனில் யாருடைய குழந்தையாவது அன்றைக்கு வரவழைக்கப்படும். ஆடிட்டர் போட்டோ எடுத்துக்கொள்வார். மறுநாள் பூட்டு.

இது ஏமாற்று வேலை என்பதில் சந்தேகம் இல்லை. நானும் இரண்டு டைலர்களும் ஹெச்.ஆரிடம் போய் அந்த அறையைத் தினமும் திறக்கச் சொல்லிக் கேட்டோம். அவர் மறுக்கவில்லை. "கொண்டு வாங்கம்மா, தெறக்கறோம். யாரு கொண்டு வருவா?" என்றார். அதிகாரத்தின் பதில்தான், ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது. எங்கள் பெண்களில் பாதிப் பேர் தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். காலை ஆறேமுக்காலுக்கு வேன் ஏற வேண்டும். 12 பேர் உட்காரும் வண்டியில் 20 பேர். அதில் கைக்குழந்தையோடு ஒரு மணி நேரம் யார் வருவது? ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்கு வேலை முடியும், வீடு சேர ஒன்பதரை. ஒரு மாதம் அறை திறந்திருந்தது. வந்தது மூன்று குழந்தைகள், மூவருமே கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்த ஒடிசாப் பெண்களின் குழந்தைகள்.

இந்தியாவில் வேலையிடக் காப்பகம் என்றதும் எல்லாரும் சொல்வது மொபைல் கிரஷ். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக டெல்லி ராஜ்காட் பக்கம் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் ஆரம்பித்தது அது. அங்கே அது பொருந்தியது, ஏனென்றால் கட்டடத் தொழிலாளிக்கு வேலை செய்யும் இடமும் வீடும் ஒன்றுதான். எங்கள் மூன்று ஒடிசாக் குழந்தைகள் வந்ததற்கும் அதுவே காரணம். வேனில் வருகிற தாராபுரம் பெண்ணுக்குக் காப்பகம் தேவை, ஆனால் அவள் ஊரில், அவள் தெருவில்.

2017 திருத்தத்தில் இன்னொரு நல்ல விஷயமும் இருந்தது. 50 பேர் வேலை செய்கிற எந்த நிறுவனத்திலும் காப்பக வசதி வேண்டும் என்றார்கள். 50 பெண்கள் என்று இல்லை, ஆணும் பெண்ணும் சேர்த்து 50 பேர். படித்தபோது சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியிலேயே, தினமும் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்த்துவர "அந்தப் பெண்ணை" அனுமதிக்க வேண்டும் என்று இருந்தது. ஆட்களை எண்ணும்போது அப்பாவும் கணக்கில் வருகிறார், குழந்தையைப் போய்ப் பார்க்கும்போது காணாமல் போய்விடுகிறார். என் கணவரின் யூனிட்டில் 70 பேர். அங்கே ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டால் சிரித்திருப்பார்கள். அவரும் கேட்கவில்லை.

தனியார் டே கேர் இரண்டைப் போய்ப் பார்த்தேன். முதலாவது, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மாதம் 5,000, ஆறு மணிக்கு மேல் மணிக்கு 100 ரூபாய். போனில் அழைத்துச் சொல்லிவிட்டுப் போனபோது வரவேற்பு நன்றாக இருந்தது. ஏ.சி., கேமரா, சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி. சொல்லாமல் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குப் போனேன். இதை வாசிக்கிறவர்கள் யாராவது காப்பகம் தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்வேன்: சொல்லாமல் போங்கள், மதியம் போங்கள். சாப்பாடு முடிந்து, ஆட்கள் களைத்து, குழந்தைகளைத் தூங்க வைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் எந்த இடமும் தன் உண்மை முகத்தைக் காட்டிவிடும். முன் அறையைத் தாண்டி என்னை விடவில்லை. "பேபீஸ் ஸ்லீப்பிங்" என்றார் உரிமையாளர். உள்ளே ஒரு குழந்தை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் உள்ளே விட்டார்கள். சுத்தமாக இருந்தது. கைக்குழந்தைகள் ஐந்து, நடக்கிற குழந்தைகள் ஆறு, பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயா. நல்ல பெண், முப்பது வயது இருக்கும். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே காலால் ஒரு தூளியை ஆட்டினாள். பேச்சுக் கொடுத்தேன். சம்பளம் 5,500. அவளுக்கும் இரண்டு வயதில் ஒரு பையன்.

"அவன் எங்க இருக்கான்?"

"எங்கம்மாகிட்டங்க்கா. போடில. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாப்பேன்."

பதினோரு பேர் கட்டுகிற 5,000-ஐக் கூட்டிப் பார்த்தேன், கணக்கு எழுதுகிறவளின் பழக்க தோஷம். 55,000. அதில் அவளுக்கு 5,500. நான் நிம்மதியாக வேலைக்குப் போக அவள் தன் பிள்ளையைப் போடிநாயக்கனூரில் விட்டிருக்கிறாள், அங்கே அவனை இன்னொரு அறுபது வயதுப் பெண் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கட்டணம் கட்டுகிற அம்மாக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களுக்கும் வேறு வழி இருப்பதில்லை. ஒரு பெண் பதினோரு குழந்தைகளைப் பார்க்க முடியாது என்பதால்தான் அந்த இடத்தை வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு ஆள் வைக்கலாம் என்று ஒரு ஏஜென்சியில் கேட்டோம். மாதம் 13,000, தங்கும் ஆள், ஒரு மாதச் சம்பளம் கமிஷன். என் சம்பளம் அப்போது 19,000. ஏஜென்சிக்காரர் வயது, ஊர், மதம் எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன எதிர்பாக்கறீங்கன்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி ஆள் அனுப்பலாம்" என்றார். என்ன கேட்கிறார் என்று புரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அது 2018. அந்த ஜூலையில்தான் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண்ணான பாப்பாள் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தகராறு செய்து, அவரை இடம் மாற்றும் அளவுக்குப் போய், எதிர்ப்பு வந்த பிறகு அந்த மாற்றம் ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கை யாருடையது என்ற கேள்வி சட்டென்று சாதிக் கேள்வியாகிவிடுகிறது. 'சுத்தமா இருக்கணும்', 'நம்மள மாதிரி இருக்கணும்' என்று அதற்கு நூறு மரியாதையான சொற்கள் உண்டு. பொருத்தமான ஆள் என்று குடும்பங்கள் தேடுவதில் எவ்வளவு குழந்தைக்காக, எவ்வளவு சாதிக்காக என்று பிரித்துப் பார்த்தால் பலருக்கும் சங்கடமாக இருக்கும்.

அங்கன்வாடியை ஏன் நினைக்கவில்லை என்று கேட்கலாம். எங்கள் தெரு முனையிலேயே ஒன்று இருக்கிறது, எங்களுக்கு அது இன்னும் பால்வாடிதான். தமிழ்நாட்டில் இப்படி 54,000-க்கும் மேல் உண்டு, வேறு பல மாநிலங்களைவிட நன்றாகவே நடக்கின்றன. 1972-ல் முன்பருவக் குழந்தைகள் பற்றி ஒரு குழு கொடுத்த அறிக்கைதான் 1975-ல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு அடித்தளம். அந்தக் குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். அவருடைய கணவர் எம்.எஸ். சுவாமிநாதனைத் தெரிந்த அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது. சென்னையில் இருந்து கடைசிவரை வேலை செய்யும் அம்மாக்களின் குழந்தைகளுக்காகப் பேசினார், 2022-ல் காலமானார். ஆனால் பால்வாடி டீச்சர் ஐந்தரை மாதக் குழந்தையை வாங்கிக்கொள்ள முடியாது. ஆறு மாதம் ஆனால் சத்துமாவு பாக்கெட் கொடுத்து அனுப்புவார்கள். வைத்துப் பார்த்துக்கொள்வது இரண்டு வயதுக்குப் பிறகுதான். அதுவும் பிற்பகல் வரைதான். மத்திய அரசின் தனிக் காப்பகத் திட்டமே நாளைக்கு ஏழரை மணி நேரம் என்றுதான் எழுதப்பட்டிருந்தது. ஒன்றரை ஷிப்ட் 12 மணி நேரம்.

இப்படி ஒவ்வொன்றாக நின்றுபோனபோதுதான் நங்கையா வந்தார். எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கையா என்போம். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிற வேலை. என் கணவர் பிறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அத்தை நாற்பதாம் நாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, தம்பியைப் பார்த்துக்கொள்ள நங்கையாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நான்காம் வகுப்பு. நடுவில் 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்து, தெருவுக்குத் தெரு பால்வாடியில் சோறு கிடைக்கிற காலம்தான் அது. ஆனால் அன்றும் அது இரண்டு வயதுக்கு மேல் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். தம்பி நடந்து, பேசி, பால்வாடிக்குப் போகிற வயது வந்தபோது நங்கையாவுக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. அந்த வயதில் மறுபடி நான்காம் வகுப்பில் போய் உட்கார அவருக்கு வெட்கமாக இருந்ததாம். கம்பெனிக்குப் போனார். இந்த வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அத்தை 'நான் பாத்துக்க மாட்டேன்' என்று சொன்னதில் இதுவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை.

நங்கையா தரையில் உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நாம் பாத்துக்கறேன். மாசம் ஏழாயிரத்து ஐநூறு குடுங்க."

என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏக்கா, தம்பி கொழந்தையப் பாக்கவா காசு?"

"உன்னைய வளத்ததுக்கே இன்னும் யாரும் குடுக்கலடா."

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

நங்கையா கணக்கு வைத்துத்தான் வந்திருந்தார். கம்பெனியில் செக்கிங்குக்குப் போனால் அப்போது ஒரு ஷிப்டுக்கு 300 ரூபாய், 25 நாளைக்கு 7,500. ஞாயிறு லீவு. எங்கள் பாத்திரம், துணி எதையும் தொட மாட்டார், குழந்தையின் வேலை மட்டும். காய்ச்சல் என்றால் என்னையோ தம்பியையோ கூப்பிடுவார், தனியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார். ஐந்தாம் தேதி பணம். நான் சரி என்றேன். தாய்ப்பால் கொடுக்கச் சட்டப்படி உள்ள இரண்டு இடைவேளையையும் மதியச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளக் கம்பெனியில் சண்டை போட்டு வாங்கினேன். ஸ்கூட்டரில் பத்து நிமிடம்.

சொந்தத்தில் இது பெரிய பேச்சானது. அண்ணி, தம்பி, அக்கா என்கிற உறவெல்லாம் காசாகிவிட்டது என்றார்கள். இவர்கள் யாரும் நங்கையா பள்ளிக்கூடத்தை விட்டபோது பேசியிருக்க மாட்டார்கள். பாசம் இருக்கிற இடத்தில் கூலி இருக்கக் கூடாது என்று யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள். குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிறபோது நங்கையாவின் பாட்டில் 7,500 ரூபாய் எதையும் குறைத்துவிடவில்லை.

வீட்டுக்குள் எனக்கு மிஞ்சிய சண்டை வேறு. "உஞ் சம்பளத்துல பாதி இதுக்கே போயிருதே, அப்பறம் எதுக்கு வேலைக்குப் போறே?" குழந்தையைப் பார்க்கிற செலவை எப்போதும் அம்மாவின் சம்பளத்திலிருந்துதான் கழித்துப் பார்க்கிறார்கள். அவள் வேலைக்குப் போவதால் வந்த செலவாம். அப்பா வேலைக்குப் போவதாலும்தானே வந்தது? 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கிற வேலையில் பெண்கள் 134, ஆண்கள் 76. அந்த எண்களை என் கணவரிடம் காட்டினேன். "நான் 76-க்கு மேலயே பாக்கறேன்" என்றார். பார்க்கிறவர்தான், குளிப்பாட்டுவது அவர் வேலை. ஆனால் நான்காம் மாதத்திலிருந்து நங்கையாவின் சம்பளம் பாதிப்பாதியாக இரண்டு பேர் கணக்கிலிருந்தும் போக ஆரம்பித்தது, நான் கேட்டு, இரண்டு மாதம் முகம் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு.

மகள் நடக்க ஆரம்பித்ததும் நங்கையா 1,500 ஏற்றிக் கேட்டார். "கெடக்கற கொழந்தைக்கு ஒரு கூலி, நடக்கற கொழந்தைக்கு ஒரு கூலி." கொடுத்தோம். இரண்டு வயதானதும் பால்வாடியில் விடுவது திட்டம். அது 2020 ஜூன், பால்வாடி மூடிக் கிடந்தது. ஊரடங்கில் எங்கள் இருவருக்கும் ஏப்ரல் சம்பளம் வரவில்லை. நங்கையாவுக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது. மீதியை ஒரு நாற்பது பக்க நோட்டில் தன் கோணல் எழுத்தில் எழுதி வைத்தார், ஆகஸ்டில் வாங்கிக்கொண்டு அடித்தார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நங்கையா பிசிறு வெட்டுவதை விட்டுவிட்டார். அவர் வீட்டு முன் அறையில் மூன்று தூளி தொங்குகிறது, மூன்றும் அந்தத் தெருவில் குடியிருக்கிற டைலர் பெண்களின் குழந்தைகள். நான்காவதாக ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போன மாதம் ஒரு பெண் வந்து கெஞ்சினாள். இருக்கிறது இரண்டு கை என்று சொல்லி, அவளைப் பால்வாடி டீச்சரிடம் அனுப்பினார், டீச்சர் எடுக்க முடியாது என்று தெரிந்தும். வேறு யாரிடம் அனுப்புவது? ஒன்றரை ஷிப்ட் அம்மாக்களுக்காக இரவு ஒன்பது மணி வரை வைத்திருக்கிறார். ஒன்பதுக்கு மேல் ஆனால் அரை மணிக்கு 50 ரூபாய் என்று கதவில் என் மகளை விட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். வேன் லேட்டானால் மட்டும் வாங்குவதில்லை.